மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த பிக்கப்

அன்புத் தங்கை ஐலிக்கு,

இஸ்கனாபாவிலிருந்து அண்ணன் வெய்கோ எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணி சில்வி நலம், கரீனும் அவள் பெற்ற பெண் குழந்தையும் நலம், ஜன்னலின் பாதிவரை ஏறி நிற்கும் பனியும் பரம சௌக்கியம். அங்கே அரிசோனாவில் நீயும் உன் வெயிலும் நலமாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் நலமா என்று விசாரிப்பது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பேத்தி பிறந்ததில் தன் பங்கு என்னவென்று மாப்பிள்ளை மெர்வின் அங்கே ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவரிடம் நீச்சல் குளம் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியவர்கள் எல்லோருக்கும் விஷயம் போய்விட்டதாம். போனில் பேசியே பிரசவம் பார்த்தாராம்! இந்தப் புளுகு மாநில எல்லையைத் தாண்டுவதற்குள் நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும். கூடப்பிறந்தவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எங்கள் பழைய பிக்கப் வண்டி, பனி உருகட்டும் என்று குளிர்காலச் சாலையில் கொட்டுகிற உப்பையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, துருப்பிடித்து வண்டித் தரையில் விழுந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் குடித்துக்கொண்டிருந்தது. சில்வியின் காலணி ஒரு நாள் அந்த ஓட்டை வழியாகவே இறங்கிப் போய்விட்டது. அதற்குமேல் தாங்காது, வேறு வண்டி பார்ப்போம் என்று முடிவு செய்தோம். என்ன மாதிரி வண்டி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கரீனும் அவள் புருஷன் ஜோயலும் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில், பனி தள்ளும் வண்டியே போதும் என்று திரும்பிவிடுகிற இடத்துக்கு அப்பால் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டிசம்பர் வந்துவிட்டால் சாலை முடிகிற இடத்தில் பிக்கப்பை நிறுத்திவிட்டு, பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபைலில்தான் போகவேண்டும். டிரெய்லரில் இழுத்துப் போனால் அந்தச் சந்தில் திருப்ப முடியாது. ஆகவே எங்கள் இரண்டு ஸ்னோமொபைல்களையும் முதுகில் தூக்கிக்கொண்டு போகிற பிக்கப் வேண்டும். சுமை தாங்குகிற பிக்கப். இவ்வளவுதான். இதை ஒரு ஆட்டுக்குட்டியிடம் சொல்லியிருந்தாலும் புரிந்துகொண்டிருக்கும். நான் உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

சொன்னேன் என்பதுகூடத் தப்பு. நீதான் சில்வியிடம் போனில், "மெர்வினுக்கு வண்டி விஷயம் அத்துப்படி அண்ணி, ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொன்னாய். பனியென்றால் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம், பனியில் சுமை தூக்குகிற வண்டிக்கு யோசனை! நம் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவுக்குள் சட்டை போட்டுக்கொண்டு போய், வெளியே தூக்கி வரப்பட்ட மனிதரிடம்! ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே, முகம் சுளித்தால் நன்றாயிருக்காதே என்று கேட்டுத் தொலைத்தேன்.

கடையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளை. பின்பக்கம் தடித்த ஸ்பிரிங் பட்டை, பெரிய சக்கரம், சர்ச் பெஞ்சு மாதிரி விறைப்பான இருக்கை, ரேடியோ உண்டு, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. இன்னொன்று திராட்சை ரச நிறம். மின்னியது. கிட்டே போனால் கதவடியிலிருந்து படிக்கட்டு தானாக இறங்கியது. கூரையில் கண்ணாடி ஜன்னல். தோல் இருக்கை, அதற்குள் சூடு. விற்பனைக்காரர் டாரில் அதன் கதவைத் திறந்துவிட, சில்வி ஏறி உட்கார்ந்தாள். வெளியே மூக்கு உறைகிற குளிர். உள்ளே அவள் முகத்தில் ஒரு புன்னகை பரவியது பார், எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போனில் முகம் காட்டினார். நான் போனை அப்படியும் இப்படியும் திருப்பி இரண்டு வண்டிகளையும் காட்டினேன்.

"மச்சான், அந்த வெள்ளையா? ஐயய்ய! அத முனிசிபாலிட்டிக்காரன்ல ஓட்டுவான்! அந்தச் செவப்பு எவ்வளவு இழுக்குமாம், கேளுங்க."

"பதினோராயிரம் பவுண்டு இழுக்குங்க," என்றார் டாரில், தானே பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

"கேட்டுகிட்டீங்களா? பதினோராயிரம்! உங்க ரெண்டு ஸ்னோமொபைல் ஸ்லெட்டும் சேர்ந்து அதுக்கு ஒரு தும்மல் மச்சான். அது மட்டுமில்ல, வாழ்நாள் பூரா நின்னுகிட்டே ஊருக்கெல்லாம் முடி வெட்டினவர் நீங்க. இனிமேலாவது நல்ல சீட்டுல உட்காருங்களேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் சில்வி விழுந்துவிட்டாள். "பாத்தீங்களா, உங்கமேல எவ்வளவு அக்கறைன்னு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீச்சல் குளம் விற்கிறவர் பேச்சு இப்படித்தான் இருக்கும், தண்ணீர் தெரியும், ஆழம் தெரியாது என்று நான் அப்போதே நினைத்தேன். நினைத்துக்கொண்டே கையெழுத்தும் போட்டேன்.

அப்புறம் வந்தது அந்த நாள். கரீனுக்கு டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் இருந்தது. ஆனால் பெரும்புயல் வருகிறதென்று ரேடியோவில் சொல்ல, அதற்குள் அவளைக் கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஜோயலின் ஸ்னோமொபைல் எஞ்சின் வெடித்துக் கிடந்தது. ஆகவே எங்களுடையவை இரண்டும் போயாக வேண்டும். ஒன்று முன்னே போய்த் தடம் போட, இன்னொன்று கரீன் படுத்து வருகிற சறுக்குப்பெட்டியை இழுக்க. காலையில் பின்பெட்டியின் மேல் அலுமினிய மேடையைப் பூட்டி, சாய்பலகை வைத்து முதல் ஸ்னோமொபைலை ஏற்றினேன். பிக்கப் 'ஹும்' என்றது. இரண்டாவதை ஏற்றினேன். பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, மதியச் சாப்பாடு முடித்த நாய் மாதிரி. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

சில்வி கதவைத் திறந்து ஏறப் போனவள், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து படித்தாள்.

"ஏங்க, இங்க என்னமோ போட்டிருக்கு. ஆளும் சரக்கும் சேர்த்து ஆயிரத்து முந்நூறு பவுண்டுக்கு மேல ஏத்தக் கூடாதாம்."

"பதினோராயிரம்னாரே!"

"அது இழுக்கிறதுங்க. இது தூக்குறது. காட்டுல மரம் இழுக்கிற குதிரையப் பாத்ததில்லையா நீங்க? மரத்த இழுக்கும். அதுக்காக மரத்தத் தூக்கி அது முதுகுல வெப்பீங்களா?"

இதைக் கடையில் சொல்லியிருக்கலாம். அங்கே சூடான இருக்கையில் உட்கார்ந்து சொர்க்கத்தில் இருந்தாள். கணக்குப் போட்டேன். ஸ்னோமொபைல் ஒவ்வொன்றும் அறுநூறுக்கு மேல், மேடை நானூறு. நாங்கள் இரண்டு பேரும் ஏறுவதற்கு முன்பே வண்டி நிரம்பி வழிந்துவிட்டது. எங்கள் எடையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று இங்கே எழுத மாட்டேன், சில்வி தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். அதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், சுமையைத் தின்றதே அந்தச் சொகுசுதானாம். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, தானிறங்கிப் படிக்கட்டு எல்லாம் எடைதானே? சொகுசு ஏற ஏற, ஏற்றக்கூடிய சுமை இறங்கும். கால்பங்கு அழகுகூட இல்லாத அந்த வெள்ளை வண்டி இதைப்போல் ஒன்றரை மடங்கு... போகட்டும், நெஞ்சு வலிக்கிறது.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஸ்டிக்கரா? அதெல்லாம் வக்கீலுங்க ஒட்டுறது மச்சான். நான் இத மாதிரி ஒரு பிக்கப்ல ஒரு நீச்சல் குளத்தையே ஏத்திட்டுப் போயிருக்கேன்."

"குளத்துல தண்ணி இருந்துச்சா?"

"இல்ல, காலியாத்தான்."

இவரோடு என்ன பேசுவது? வேறு வண்டியும் இல்லை, வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. கிளம்பிவிட்டோம். ஐலி, அந்தப் பயணத்தை எப்படி எழுதுவேன்! சாலையில் பனி உறைந்து எழும்பிய மேடு ஒவ்வொன்றிலும் பின்பக்கம் 'டம்' என்று இடித்தது. மடியில் வைத்திருந்த பேஸ்ட்டி எகிறி, உள்ளிருந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் கண்ணாடிக் கூரையில் ஒட்டிக்கொண்டன. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தன. நான் இடப்பக்கம் திருப்பினால் வண்டி அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டது. எதிரே வந்தவனெல்லாம் விளக்கை அடித்துத் திட்டிவிட்டுப் போனான். கடைசியில் ஷெரிஃப் ஆபீஸ்காரர் ஒருவர் ஓரம் கட்டச் சொல்லி, என் ஜன்னலில் குனிந்தார்.

"பெரியவரே, ஆந்தை பிடிக்கப் போறீங்களா?"

"ஏன் சார்?"

"உங்க ஹெட்லைட் ரெண்டும் மரத்து உச்சியில இருக்கே, அதான் கேட்டேன்."

மகள், புயல், பிரசவம் என்று சில்வி கடகடவென்று சொல்ல, அவர் பின்னால் போய் டயர்களைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "யாருங்க இந்த வண்டிய வாங்கச் சொன்னது?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். முகவரியும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மெதுவாகப் போங்கள் என்று விட்டுவிட்டார்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டியின் ஒலிபெருக்கிகள் அத்தனையும் ஒன்றாக அலறின. இந்த வண்டி போன் வந்தால் என்னைக் கேட்காமல் தானே எடுத்துப் பேசவிடும். ஜோயல்தான் பேசினான். கரீனுக்கு வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் எங்கேயோ மரலாரி கவிழ்ந்த இடத்துக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று தெரியாதாம். "சீக்கிரம் வாங்க மாமா" என்றான். அந்தப் பையன் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. சில்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மிதித்தேன்.

கடைசி மேடு இருக்கிறதே, அதில் பாதி ஏறியதும் பிக்கப் நின்றது. நான்கு சக்கரமும் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் நகர்ந்தது, பின்னோக்கி. பாரமெல்லாம் பின்னால், பிடிக்க வேண்டிய முன்சக்கரம் காற்றில்! அப்படியே வழுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கே வந்து, பனிச்சுவரில் முதுகை முட்டிக்கொண்டு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜபம் செய்ததாகச் சில்வி எல்லோரிடமும் சொல்கிறாள். ஜபமில்லை, மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே ஸ்னோமொபைல்களை இறக்கினோம். நான் முன்னே தடம் போட, சில்வி பின்னால் வந்தாள். பனி கண்ணில் ஊசியாகக் குத்தியது. வீட்டு வாசலில் ஜோயல் சறுக்குப்பெட்டியில் மெத்தையும் கம்பளியும் போட்டுத் தயாராக வைத்திருந்தான். கரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், முகம் வெளுத்துப்போய். என்னைப் பார்த்ததும் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "அப்பா, டாக்டர் தேதி குடுத்தாரே, இவளுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கிண்டல். சில்வி இழுத்த சறுக்குப்பெட்டியில் கரீனைப் படுக்கவைத்து, பின்பலகையில் ஜோயல் நின்று பிடித்துக்கொள்ள, முட்டையை எடுத்துப் போவது போலத் திரும்பினோம். பிக்கப்புக்கு வந்து அவளைப் பின் இருக்கையில் ஏற்றிப் படுக்கவைத்தாயிற்று. நான் பழக்க தோஷத்தில் ஸ்னோமொபைலை ஏற்றுவதற்குச் சாய்பலகையை உருவினேன்.

"என்ன பண்றீங்க?" என்றாள் சில்வி.

"இதுங்கள ஏத்த வேணாமா?"

"கெடக்கட்டும்."

"சில்வி, என்னோடது போன வருஷம்தான்..."

"வெய்கோ ஹார்யுலா! உங்க பொண்ணு உள்ள கத்துறது காதுல விழுதா, இல்லையா?"

என் முழுப்பெயரை அவள் சொன்னது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். சாய்பலகையைப் பனியில் எறிந்துவிட்டு ஏறினேன். புயல் போனபின் பனி தள்ளும் வண்டி வந்து, அந்த இடத்தில் இப்போது ஒரு குன்று நிற்கிறது. அதற்குள்ளே எங்கேயோ என் ஸ்னோமொபைல் இருக்கிறது. ஏப்ரலில் தெரியும்.

சுமை போனதும் அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை உண்மையைச் சொல்லவேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். மூக்கு இறங்கிற்று, சக்கரம் சாலையைக் கவ்விற்று, தொட்டில் மாதிரி போயிற்று. பின் இருக்கையின் சூட்டில் கரீனின் நடுக்கம் நின்றது. அதற்காக அது நல்ல வண்டி என்று ஆகிவிடாது. நான் சுமை தூக்கத்தான் வாங்கினேன், தொட்டிலாட்ட வாங்கவில்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கிகள் மறுபடியும் அலறின.

"மச்சான்! மெர்வின் பேசறேன். ஸ்லெட்டெல்லாம் பத்திரமா போய்ச் சேர்ந்துச்சா? நான் சொன்னேனா இல்லையா, தும்மல் மாதிரின்னு!"

எனக்கு அதை எப்படி அணைப்பதென்று தெரியாது. சில்விதான் கத்தி விஷயத்தைச் சொன்னாள். உன் வீட்டுக்காரர் வாயை மூடியதை நான் முதன்முதலாகக் கேட்டேன். அப்புறம் ரொம்ப நிதானமாக, "கரீன் கண்ணு, மாமா பேசறேன். கழுதை கதை சொல்லட்டுமா?" என்றார்.

உனக்குத் தெரியாத கதையா? அவர் குளம் கட்டிக்கொடுத்த வீட்டுக் கழுதை குளத்துக்குள் இறங்கி, ஏற மாட்டேன் என்று உட்கார்ந்த கதை. நான் அதை வருஷக்கணக்காகக் கேட்கிறேன். முதன்முதல் சொன்னபோது அது ஆடாக இருந்தது. மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு குளத்தில் இறங்கியதும், கழுதைக்குக் கேரட் காட்டியதும், கழுதை கேரட்டை விட்டு டையைத் தின்றதும், எல்லாம் பொய். பொய்யிலும் நீட்டி முழக்கிய பொய். "நிறுத்தித் தொலைங்க மாப்பிள்ளை" என்று நான் கத்தினேன். பின்னாலிருந்து கரீன், "மாமா பேசட்டும்ப்பா! நிறுத்தாதீங்க!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். வலி வரும்போது ஜோயலின் கையை நொறுக்குவாள். வலி விட்டதும், மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்புறம்... கழுதைக்கு... என்னாச்சு மாமா?" என்பாள். அவரும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார். அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு தடவை அவள் வீறிட்டபோது மட்டும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. லைன் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கனைத்துக்கொண்டு, "கழுதை என்ன பண்ணுச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகள் கட்டிலோடு ஓடிவந்தார்கள். கரீனை உள்ளே கொண்டுபோய் நாங்கள் கோட்டைக் கழற்றுவதற்குள் குழந்தை அழுத சத்தம் கேட்டது. பிரசவம் பார்த்தது டாக்டர். பெற்றது கரீன். ஓட்டியது நான். சறுக்குப்பெட்டியை இழுத்தது சில்வி. கழுதை கதை சொன்னது உன் வீட்டுக்காரர். இதுதான் நடந்தது, இதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் சொன்னாலும் நம்பாதே.

ஆகையால் அண்ணன் என்ற உரிமையில் உனக்குச் சொல்கிறேன். அந்தத் திராட்சை ரச நிறப் பிக்கப்பை விற்கப் போகிறேன். இனிமேல் சக்கரம் வைத்த எந்தப் பொருளைப் பற்றியும் மாப்பிள்ளை என்னிடம் வாயைத் திறக்கக் கூடாது, குழந்தை தள்ளுவண்டி உட்பட. ஞானஸ்நானத்துக்கு நீ மட்டும் வந்தால் போதும். அவருக்கு இந்தக் குளிர் ஆகாது, எனக்கு அவர் ஆகாது. இரண்டு பேருடைய உடம்பையும் உத்தேசித்து அவரை அங்கேயே விட்டுவிட்டு வா.

உனக்கும் உன் வீட்டு ஆரஞ்சு மரத்துக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும். சில்வி தன் அன்பை எழுதச் சொன்னாள், எனக்கு மிச்சமிருந்ததையும் அதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வெய்கோ

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் கரீன் போன் செய்தாள். குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். மாப்பிள்ளை பெயரைப் பெண்பெயராக்கி 'மெர்வினா' என்று. ஏன்டி, உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையேன்னு மாமா ஒரு நாள்கூட வாயத் திறந்து சொன்னதில்லப்பா. அதான்," என்றாள். பிக்கப்பை விற்பதற்கில்லை, குழந்தையை அதில்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்கிறாள் சில்வி. அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, ஞானஸ்நானத்தில் குழந்தையை அவர்தான் கையில் ஏந்த வேண்டும். கிளம்புமுன் அவருக்கு நல்ல தடித்த கம்பளிக் கோட்டாகப் பார்த்து வாங்கு. நீ பார்த்து வாங்கு, அவரைத் தேர்ந்தெடுக்க விடாதே.